உள்ளே வைத்த பொட்டு

பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் நாலாவது தடவையாக மஞ்சள் எரிந்தது.

"பவித்ரன், இன்னிக்கும் சரி வரலன்னா நான் வேற ஆளப் பாக்கணும்லா. மேல டாக்டர் கத்துறாரு. நீ போட்ட கேபிள்தான் சரியில்ல," என்றார் மேனேஜர் தர்மேந்திரன்.

கடைசி வார்த்தைதான் சுருக்கென்றது. ஈப்போவில் பதினோரு வருடமாகக் கேபிள் இழுக்கிறேன். என் கைவேலையை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. இந்த இடம் போனால் வேறு இடம் தேடிக்கொள்ளலாம். பேர் கெட்டால் எங்கே போய்த் தேடுவது?

இது ஒரு ஸ்கேன் சென்டர். கீழ்மாடியில் ஒரு சுவிட்ச், மேல்மாடியில் ஒரு சுவிட்ச். கம்ப்யூட்டர் கேபிள்கள் வந்து சேரும் இருபத்துநாலு ஓட்டைப் பெட்டிகள். இரண்டையும் இணைக்கும் கேபிளுக்குள் எட்டுக் கம்பி. எட்டும் பேசினால் கீழே எடுக்கும் படம் ஆயிரம் வேகத்தில் மேலே டாக்டரிடம் போகும். ஒரு கம்பி வாயை மூடிக்கொண்டால் நூறுக்கு இறங்கி, பச்சை விளக்கு மஞ்சளாகிவிடும். நின்று தொலைத்தாலாவது உடனே கண்டுபிடிக்கலாம். நிற்காது, நொண்டிக்கொண்டே ஓடும்.

கேபிளை மாற்றியாயிற்று. இரண்டு முனையிலும் ஓட்டைக்குள் செருகும் தலையை வெட்டிவிட்டுப் புதுத் தலை அடித்தாயிற்று. மேல் சுவிட்சையே மாற்றியாயிற்று. கீழே இருப்பது நானே பார்த்துப் பொறுக்கி வைத்தது. அதைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை.

வேறு வழியில்லாமல்தான், கீழ் சுவிட்ச் தானாகவே நேரத்தோடு குறித்து வைக்கும் பதிவைத் திறந்து பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். தலைக்கனம் விடவில்லை.

வேகம் விழுந்தது மூன்று வாரத்துக்கு முன்னால். ஆயுத பூஜை அன்று, சாயங்காலம் நாலு மணிக்கு.

அன்று இங்கே ஸ்கேன் மெஷினிலிருந்து தண்ணி காய்ச்சும் கெட்டில் வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். இந்தச் சுவிட்சின் நெற்றியிலும் ஒரு பொட்டு இருந்தது. இந்தக் கோளாறுக்காக முதல் தடவை வந்தபோது திட்டிக்கொண்டே அதைத் துடைத்தது நான்தான்.

கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓட்டைக்குள் டார்ச் அடித்தேன்.

உள்ளே காய்ந்துபோன சந்தனம். நடுவில் குங்குமம் வேறு.

கோபத்தில் சிரிப்பே வந்துவிட்டது. உடனே போனில் படம் பிடித்தேன். தர்மேந்திரனிடம் இதைக் காட்டினால் போதும், என் பேர் தப்பித்தது. வைத்தவர் யாரோ, அவர் மாட்டட்டும்.

"அது நான் வச்சது தம்பி."

திரும்பினேன். வாளியும் துணியுமாகச் செல்லாயி அக்கா நின்றிருந்தார். இங்கே கூட்டித் துடைப்பவர். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடக்கூடிய கான்ட்ராக்ட் வேலை.

"வெளிய வச்சா யாராச்சும் தொடச்சிடுறாங்க. இது மட்டும் அழியக்கூடாதுன்னு வயரக் கழட்டி உள்ள வச்சிட்டு, திரும்பச் செருகிட்டேன்."

"இதுக்கு மட்டும் என்னக்கா விசேசம்?" என்றேன். குரலில் இன்னும் சூடு இருந்தது.

போன தைப்பூசத்துக்கு மறுநாள், அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போக ஜெலாப்பாங்கிலிருந்து வந்த கணவர் சதாசிவம், இங்கே வாசலிலேயே சாய்ந்துவிட்டாராம். தூக்கிவந்து தலையைப் படம் எடுத்தார்கள். ஆளைப் படுக்கையிலிருந்து இறக்குவதற்குள் மேலேயிருந்து டாக்டர் போன் செய்துவிட்டார். தலைக்குள் ரத்தம் கசிகிறது, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று. இப்போது மனிதர் சாம்பாரில் உப்பில்லை என்று தினமும் சண்டை போடுகிறாராம்.

"படம் எந்த ஓட்டை வழியா மேல போச்சுன்னு ஸ்கேன் எடுக்குற தீபன்கிட்ட கேட்டேன். இதைத்தான் காட்டுனான்."

டார்ச்சை அணைத்தேன்.

பதினோரு வருடத்தில் என்னைக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் ஏதோ கெட்டுப்போனதால் கூப்பிட்டவர்கள். நன்றாக ஓடும் நாளில் கேபிள் போட்டவனை யார் நினைக்கிறார்கள்? தைப்பூசத்துக்கு முந்தின வாரம் இந்த இணைப்பைக் கொடுத்தபோது நானே முணுமுணுத்துக்கொண்டுதான் கொடுத்தேன். அந்த வழியாக ஒரு உயிர் பிழைத்திருக்கிறது. அதை மறக்காமல் ஒருவர் பொட்டும் வைத்திருக்கிறார். அந்த அக்காவுக்கு நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"என் சந்தனத்தாலயா தம்பி கெட்டுப்போச்சு?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"அய்யோ, இல்லக்கா. கேபிள் தலை கோளாறு."

அவர் வாளித் தண்ணீரை மாற்றப் போனார். போனிலிருந்த படத்தை அழித்தேன்.

பத்து நிமிடத்தில் பச்சை எரிந்தது. மேலே டாக்டரின் சத்தம் அடங்கியது. தர்மேந்திரன் வந்து என்னதான் கோளாறு என்று கேட்டார்.

"நான் அடிச்ச தலை சரியில்லண்ணே."

"நான்தான் அப்பவே சொன்னேன்லா!"

ரிப்போர்ட்டிலும் அதையே எழுதிக் கொடுத்தேன். அவர் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பையை மூடும்போது செல்லாயி அக்கா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "இனிமே படம் எதுல தம்பி போகும்?"

"அதே ஓட்டைதான்க்கா." கேபிள் செருகியிருந்த அதே இடத்தைக் காட்டினேன்.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

படம் போவது பக்கத்து ஓட்டையில். இதில் நான் செருகியது ஒரு முழ நீளக் கேபிள் துண்டு. அதன் மறுமுனை பெட்டிக்குப் பின்னால் சும்மா தொங்குகிறது. உள்ளே சந்தனம் அப்படியே இருக்கிறது.