மழைக்கு வைத்த கடலை

வயலோர மேட்டில் வளை தோண்டி, ஓர் எலியும் அதன் மனைவியும் குடித்தனம் நடத்தின. மனைவி எலி வெயில் காலம் முழுக்கக் கடலை பொறுக்கி, உள்ளறையில் மண் போட்டு மூடி வைத்தது. "இது அவசரத்துக்கு. தொடக்கூடாது" என்று கணவனிடம் கண்டிப்பாகச் சொன்னது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. வளையைச் சுற்றிலும் வெள்ளம் நின்றதால் வெளியே போக வழியில்லை. பசியோடு மனைவி உள்ளறையைத் திறந்தது. வெறும் தோல்தான் கிடந்தது.

"தினம் ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன். நீ சேர்த்த கடலை அவ்வளவு ருசி. இப்ப உன்னையும் பட்டினி போட்டுட்டேனே!" என்று கணவன் எலி அழுதது.

மனைவி அதன் மீசையைத் துடைத்துவிட்டது. "அழாதீங்க. நீங்க எடுப்பீங்கன்னு தெரியும். இன்னொரு இடத்துலயும் வெச்சிருக்கேன்."

"எங்கே?"

"முதல்ல கண்ணை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்புங்க."