இரண்டாவது பிரேக்

சீட் பெல்ட்தான் இறுக்குகிறது என்று நினைத்து மாஸ்டர் அதைத் தளர்த்திவிட்டார்.

பெல்ட் தளர்ந்த பிறகும் நெஞ்சில் அந்த இறுக்கம் அப்படியே இருந்தது.

இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கார் சின்னதாக முனகினாலும் காரணம் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். இதற்கும் கண்டுபிடித்தார். நேற்று ஒற்றை ஆளாக டயர் மாற்றியதில் சதை பிடித்திருக்கும்.

விரலால் நெஞ்சை அழுத்திப் பார்த்தார். சதை வலி என்றால் அழுத்தும்போது கூட வேண்டும். கூடவில்லை.

சரி, வாயு. காலையிலிருந்து வெறும் வயிற்றில் இரண்டு டீ. ஒரு ஏப்பம் விட்டால் போய்விடும்.

ஏப்பமும் வந்தது. வலி போகவில்லை.

தாடையில் குடைச்சல் ஏறியபோது பழியைக் கடைவாய்ப் பல்லின் தலையில் போட்டார். இடது தோளிலும் அதே குடைச்சல் இறங்கியதும்தான் சொல்வதற்கு ஒன்றும் அகப்படாமல் போயிற்று. பயமாக இருந்தது.

ஆனால் பயத்தை யாரிடம் காட்டுவது? ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அம்மாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இன்று பதினோராவது வகுப்பு. இன்னமும் சிக்னலுக்குச் சிக்னல் வண்டியை அணைத்துவிடுவார். பொழுது போகாமல் வந்து என் உயிரை வாங்குகிறார் என்று மாஸ்டர் வீட்டில் சொல்லிச் சிரித்ததுண்டு. விஷயம் தெரிந்தால் இந்த அம்மாள் பதறிப்போய் எதிலாவது கொண்டுபோய் இடித்துவிடுவார்.

அடுத்த முனையில் இடது பக்கம் திரும்பினால் டிரைவிங் ஸ்கூல். போய்க் கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

"லெஃப்ட் எடுங்கம்மா."

அம்மாள் ஒரு கணம் அவர் பக்கம் பார்த்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஆனால் அம்மாள் இடது பக்கம் திரும்பவில்லை. நேரே போனார். அந்தச் சாலையில் இரண்டு நிமிட தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தது.

எங்கே போகிறார் என்று புரிந்ததும் மாஸ்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கற்றுக்கொடுப்பவருக்கென்று தன் காலடியில் வைத்திருந்த இரண்டாவது பிரேக்கை மிதித்தார். நடுரோட்டில் கார் நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"வெறும் கேஸும்மா. சொன்னபடி திரும்புங்க."

அம்மாள் பதறவில்லை. வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தார். கியரைப் போட்டார். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே பேசினார்.

"எங்க வீட்டுக்காரரும் கேஸுன்னுதான் சொன்னாரு. கார் வாசல்லயே நின்னுச்சு, எனக்குத்தான் ஓட்டத் தெரியல. பிரேக்கை விடுங்க மாஸ்டர்."

மாஸ்டர் காலை எடுத்தார்.