முன்னால் ரெண்டு பட்டை

"முன்னாடி ஸ்பிரிங்ல ரெண்டு பட்டை ஏத்துங்க பாய். பின்னாடி ரெண்டு பட்டையை உருவிடுங்க."

ஹனீஃபா பாய் சுத்தியலைக் கீழே வைத்தார். பாலக்கரையில் அவர் ஸ்பிரிங் பட்டறை போட்ட நாளிலிருந்து எந்த டிரைவரும் இப்படிக் கேட்டதில்லை.

"மாத்திச் சொல்றியே அமிர்தராஜ். சுமை ஏறுறது பின்னாடி. அங்கேதானே பட்டை ஏத்துவாங்க?"

"முன்னாடிதான் கல்லு மாதிரி இருக்கணும் பாய்."

"எதுக்கு?"

"மெத்துனு இருந்தா எனக்கு வண்டி ஓட்ட வரலைங்க."

அமிர்தராஜ் பேசினால் அவ்வளவுதான். வாயில் கொழுக்கட்டையா என்று கேட்டாலும் அதற்கும் பதில் வராது. கன்னியாஸ்திரீகள் நடத்தும் பிரசவ ஆஸ்பத்திரியில் ஜீப் ஓட்டுகிறவன். யுத்த காலத்தில் பட்டாளத்தோடு கப்பலேறிப் போய், எகிப்துப் பக்கம் பாலைவனத்தில் வண்டி ஓட்டியவன் என்று ஊரில் பேச்சு.

அந்தப் பேச்சு ஞாபகம் வந்ததும் பாய்க்குச் சங்கதி பிடிபட்டுவிட்டது. மணலில் பறக்கிறவனுக்குத்தான் முன் ஸ்பிரிங் விறைப்பாக வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் வண்டி மூக்கைக் குத்திக்கொள்ளும். யுத்தம் முடிந்து எத்தனையோ வருஷமாகியும் ஆளுக்குப் பாலைவனத்துப் புத்தி போகவில்லை.

"பிள்ளைத்தாச்சிங்க ஏறுற வண்டிப்பா அது. ரேஸ் வண்டி இல்லை."

"தெரியும் பாய். ஏத்துங்க."

ஊருக்கெல்லாம் ஒரு வழி, இவனுக்கு மட்டும் தனி வழி என்று முணுமுணுத்துக்கொண்டே பாய் வேலையை முடித்துக் கொடுத்தார். முடித்தவர் சும்மா இருந்தாரா? டீக்கடையில் உட்கார்ந்து, "அந்த வண்டியில ஏறுறவ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதே இல்லை. வழியிலேயே பெத்துடுவா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு பகல். முசிறி பஸ்ஸிலிருந்து இறங்கிப் பட்டறைக்கு ஓடிவந்தான் பாயுடைய மருமகனின் தம்பி. பாயின் ஒரே மகள் நஜீமாவைக் கட்டிக்கொடுத்திருந்தது முசிறிப் பக்கம், காவேரிக்கு நடுவில் திட்டாக நிற்கும் ஊரில்.

"மாமா, அண்ணிக்கு எட்டாம் மாசத்துலேயே ரத்தம் கண்டிருச்சு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமாம். ஆனா வழியில குலுங்கவே கூடாதுங்கிறாங்க நர்ஸம்மா. குலுங்கினா ரெண்டு உசுருக்கும் ஆபத்தாம்."

மாட்டு வண்டி குலுங்கும். கார் மணலில் புதையும். அந்த ஆற்று மணலைத் தாண்ட பாய்க்குத் தெரிந்து ஒரே ஒரு வண்டிதான் உண்டு. அதன் ஸ்பிரிங்கைக் கல்லாக்கி அனுப்பியவரும் அவரேதான்.

வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி, அமிர்தராஜுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். போகும்போது வண்டி பறந்தது. ரோட்டை விட்டு ஆற்றில் இறங்கினால், அத்தனை பெரிய காவேரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் மணல் கொதித்துக்கொண்டு கிடந்தது. ஒவ்வொரு மேட்டிலும் பாயின் தலை மேலே படுதாவில் போய் இடித்தது. நினைத்தது சரிதான், இவன் பறக்கத்தான் கேட்டிருக்கிறான் என்று பாய் பல்லைக் கடித்தார்.

நஜீமாவை ஜமுக்காளத்தோடு தூக்கிப் பின்னால் படுக்க வைத்தார்கள். முகத்தில் ரத்தமே இல்லை. மாமியார் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பும்போது அமிர்தராஜ் மெதுவாகத்தான் ஓட்டினான். அப்படியும் முன் சீட்டில் உட்கார முடியவில்லை. சின்ன மேடு வந்தாலும் முதுகுத்தண்டில் சம்மட்டி இறங்கியது. அமிர்தராஜ் உதட்டைக் கடித்தபடி பிரேக்கில் காலை வைப்பதும் எடுப்பதுமாக வந்தான்.

"பார்த்துப் போப்பா. என் புள்ள கிடக்குறா" என்றார் பாய்.

அவன் வேகத்தை இன்னும் குறைத்தான்.

முன்னால் நமக்கே இப்படி என்றால், பின்னால் கிடக்கிறவளுக்கு? திரும்பிப் பார்க்க பாய்க்குத் துணிச்சல் வரவில்லை. யா அல்லாஹ், என் கையால் ஏற்றின பட்டை என் பிள்ளைக்கு எமனாகிவிடக் கூடாது என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் சிஸ்டர் ஓடிவந்து, நஜீமாவின் வயிற்றில் குழலை வைத்துக் காது கொடுத்தார்.

"குழந்தைக்குத் துடிப்பு நல்லா இருக்கு. ரத்தமும் நின்னிருக்கு. உள்ளே கொண்டு வாங்க."

"தொட்டில்ல போட்ட மாதிரி தூங்கிட்டு வந்தாம்மா" என்றாள் மாமியார்.

பேச்சுச் சத்தத்தில் நஜீமா கண்ணைத் திறந்தாள். தகப்பனைப் பார்த்ததும் தூக்கக் கலக்கத்தோடு கேட்டாள்:

"ஏன் அத்தா, இன்னும் ஆத்துல இறங்கலையா?"

பாய்க்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. பிறகு ஜீப்பின் பின்பக்கத்தைப் பார்த்தார், முன்பக்கத்தைப் பார்த்தார். ஆயுசெல்லாம் ஸ்பிரிங் அடித்த மனுஷன், அதிசயத்தைப் பார்க்கிற மாதிரி அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அமிர்தராஜ் அப்போதுதான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கினான். இடுப்பை நிமிர்த்த முடியவில்லை.

"என்னப்பா மாயம் இது?" என்றார் பாய்.

"பட்டாளத்துல அடிபட்டவங்களை ஏத்துற வண்டிதான் பாய் ஓட்டினேன். ஓட்டுறவன் மெத்துனு உட்கார்ந்திருந்தா, பின்னாடி கிடக்கிறவங்க வலி அவனுக்குத் தெரியாதுங்க. அடி முதல்ல என் முதுகுல விழணும். அப்பத்தான் அவங்க மேல விழறதுக்குள்ள கால் தானா பிரேக்குல இறங்கும்."