கொள்ளி வைத்த கையில் கிரீஸ்

வீட்டு வாசலில் இருந்தவர்கள்: ரத்தினம், அவன் மனைவி இசைவாணி, அக்கா கிளியம்மாள், ரத்தினத்துடன் காலையில் வந்த காசிராஜன், பகலவன். ரத்தினத்தின் அம்மாவும் மதியம்வரை இருந்தாள். பிறகு எடுத்துவிட்டார்கள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்த ஈரம் காய்வதற்குள் ரத்தினம் பழைய பெட்ரோல் பிக்கப்பின் பானட்டைத் திறந்துவிட்டான். மழித்த தலையை உள்ளே நுழைத்து ஸ்பானரைப் போட்டான்.

கிளியம்மாளுக்குத் தாங்கவில்லை. "இன்னாடா பண்ணிகினு கீற? கொள்ளி வெச்ச கையில கிரீஸா? ஊரே பாக்குது."

"பாக்கட்டும்க்கா."

"பெத்தவள எரிச்ச நெருப்பு இன்னும் அணையல. அதுக்குள்ள உனுக்கு வண்டி கேக்குதா?"

"அம்மாவுக்கு செய்யறத செஞ்சாச்சு. இவளுக்கு என்னால முடிஞ்சது இது ஒண்ணுதான். கொஞ்சம் சும்மா இரு."

அந்த வண்டியில்தான் இசைவாணி சுங்குவார்சத்திரத்துப் பெண்கள் விடுதிக்குத் தினமும் சாப்பாடு கொண்டுபோகிறாள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜின் நின்றுவிடும். ஒவ்வொரு வேகத்தடையிலும் நின்றது. இன்னொரு நாள் தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று விடுதியில் சொல்லிவிட்டார்கள்.

வண்டியோடு வந்த கார்புரேட்டர் தேய்ந்துபோயிருந்தது. எத்தனை முறை கழற்றிக் கழுவினாலும் காற்று கசிந்தது. அதே மாதிரி இப்போது கிடைப்பதில்லை. புதுப்பேட்டையில் அலைந்து அவள் வாங்கிவந்தது வேறு மாடல். இந்த வண்டிக்கு இது உட்காராது என்று மெக்கானிக்குகள் கைவிரித்துவிட்டார்கள்.

"நடுரோட்ல நிக்கசொல்ல உசுரே போவுதுய்யா," என்றாள் இசைவாணி. "பின்னாடி ஷிப்ட் முடிஞ்ச பைக்குங்க சர்ரு சர்ருனு வருது. அன்னிக்கு உன் கையில நின்னு, பின்னாடி வந்த பைக்குக்காரன் மோதி செத்த மாதிரி என் கையிலயும் ஆயிட்டா?"

ரத்தினத்தின் கை நின்றது. "அத்த பேசாத."

காசிராஜன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மணிக்குள்ள உள்ள போயிரணும்டே. லேட்டாச்சுன்னா எங்க ரெண்டு பேருக்கும்லா மெமோ வரும்."

"முடிஞ்சிடும்ணே."

"நாளைக்கு பால் தெளிக்கணும்," என்றாள் கிளியம்மாள். "அதுக்காச்சும் சேத்து லீவு கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டான் தாயி. ஒரு நாளைக்கு மேல கெடையாதுன்னுட்டாங்க," என்றார் காசிராஜன்.

"பெத்தவ செத்ததுக்கு ஒரு நாளு. நல்லா கீது உங்க எடம்." அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனாள்.

பழையது கழன்று வந்தது. புதியதை வைத்துப் பார்த்தால் துளைகள் சற்று விலகி நின்றன. ரத்தினம் அரத்தை எடுத்து ராவத் தொடங்கினான். அரத்தைப் பார்த்ததும் பகலவன் தன் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

நட்டுகள் இறங்கின. பெட்ரோல் டியூப், ஆக்சிலேட்டர் கேபிள் எல்லாம் மாட்டியாயிற்று. இசைவாணி சாவியைத் திருப்பினாள். என்ஜின் இருமியது, உதறியது, அணைந்தது.

"இங்க வா. இந்த ஸ்குரூவ நீ திருப்பு."

"எனுக்கு இன்னா தெரியும்?"

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன். சத்தத்த கேட்டுகினே திருப்பு. ஒரே மாதிரி வர்ற எடத்துல விட்டுடு."

அவன் ஸ்டார்ட் செய்தான். அவள் திருப்பினாள். உதறல் குறைந்து சத்தம் ஒரே சீராக வந்தது. ரத்தினம் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். என்ஜின் நிற்கவில்லை. இசைவாணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறேன்," என்று ரத்தினம் கதவைச் சாத்தப் போனான்.

காசிராஜன் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். "நகருடே. அந்தப் பிள்ள ஓட்டட்டும். எப்பிடியும் ஒன்னய கொண்டு விடணும்லா? நாங்களும் இதுலயே ஏறிக்கிடுதோம்."

"என் வண்டிய நான் ஓட்டக்கூடாதாண்ணே?"

"கூடாதுடே."

பகலவன் சிரித்தான். ரத்தினம் சிரிக்கவில்லை. நகர்ந்து உட்கார்ந்தான்.

பகலவன் பின்னால் அண்டாக்களுக்கு நடுவே ஏறிக்கொண்டான். ஒரகடம் ரோட்டில் ஷிப்ட் பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு வேகத்தடையிலும் இசைவாணி காலை எடுத்தாள். ஒவ்வொரு முறையும் ரத்தினம் மூச்சைப் பிடித்துக்கொண்டான். வண்டி எங்கும் நிற்கவில்லை.

"உன்னாண்ட இருந்தப்ப இப்டி ஓடலியே," என்றாள்.

"இப்பதான அதுக்கு ஒயுங்கான டிரைவர் கெடச்சிருக்கு."

உயரமான மதில். பெரிய இரும்புக் கேட். வாசலில் நின்ற காவலாளி ரத்தினத்தின் சட்டையையும் இடுப்பையும் தடவிப் பார்த்தார். இசைவாணி வழியில் வாங்கிக் கொடுத்த பிஸ்கட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். வெளிப் பொருள் எதுவும் உள்ளே போகாது.

"காலைல வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி தண்ணி பாரு," என்றான் ரத்தினம். அவள் தலையாட்டினாள்.

கேட்டுக்குள் இருந்த சின்னக் கதவு திறந்தது. ரத்தினம் குனிந்து உள்ளே போனான். காசிராஜனும் பகலவனும் பின்னாலேயே நுழைந்தார்கள். கதவு மூடியது. பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

உள்ளேயிருந்து ஒரு குரல்: "பரோல் கைதி வந்தாச்சு சார்!"