பிணத்தின் விரல்

"கட்! பிணம் மறுபடியும் அசையுது!"

இயக்குநர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டார். இது ஐந்தாவது டேக்.

சாக்பீஸ் கோட்டுக்குள் மல்லாந்து கிடந்த பெரியவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "மன்னிச்சிடுங்க சார்."

"பிணமா நடிக்க வந்துட்டு என் உயிரை வாங்கறீங்களே, பெரியவரே! சும்மா கிடக்கறதுக்குக் கூடவா ஒத்திகை பார்க்கணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். வேறு என்ன செய்வார், பாவம்?

அது ஒரு துப்பறியும் டிவி தொடர். போலீஸ் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கொலைக்கெல்லாம் ஒரு நிபுணர் வருவார். சட்டைப் பொத்தானைப் பார்த்தே ஆளின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். ஆகவே வாரம் ஒரு பிணம் தேவை. பெரியவர் இதுவரை எட்டு தடவை செத்திருக்கிறார். எட்டும் குப்புறக் கிடந்த சாவு, அழ ஆளில்லாத சாவு. இந்த ஒன்பதாவது சாவுக்குத்தான் ஒரு மகளை எழுதியிருந்தார்கள்.

மகள் ஓடிவந்து, "அப்பா!" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். பிறகு கையை விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவள் கையை விடுகிற இடத்தில்தான் பிணத்தின் விரல்கள் அசைந்தன.

"காரணத்தை நான் சொல்லட்டுமா?" என்றார் நிபுணராக நடிப்பவர். கேமரா ஓடாதபோதும் அவர் நிபுணர்தான். "முகத்தைப் பாருங்க. பளபளன்னு ஷேவ் பண்ணிட்டு வந்திருக்கார். பிணத்துக்கு எதுக்குய்யா ஷேவ்? இத்தனை நாள் குப்புறக் கிடந்தவருக்கு இன்னைக்குத்தான் முகம் தெரியப் போகுது. அசைஞ்சா கேமரா இன்னும் கொஞ்சம் அவர் மேலயே நிக்கும்ல? வயசான காலத்துல நடிப்பு ஆசை சார்!"

கைதட்டல் கிடைத்தது.

"ஆசைக்கும் ஒரு அளவு வேணும்" என்றார் இயக்குநர். "இன்னும் ஒரே டேக். அசைஞ்சீங்கன்னா ரப்பர் பொம்மையைப் படுக்க வெச்சுடுவேன். அப்புறம் நீங்க இந்தப் பக்கமே வர வேண்டாம். டீ பிரேக்!"

டீக்கு எல்லாரும் கலைந்தார்கள். எழுந்தால் சட்டையில் ரத்தக்கறை இடம் மாறிவிடும் என்று பெரியவர் மட்டும் அங்கேயே கிடந்தார். கன்டினியூட்டி பார்க்கிற பெண், கறையைச் சரிபார்க்கிற சாக்கில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஒரு ஷாட்டில் இடப்பக்கம் இருந்த டம்ளர் அடுத்த ஷாட்டில் வலப்பக்கம் ஓடிவிடாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது அவள் வேலை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தப்பு கிடையாது. அவள் சொன்னால் இயக்குநர் மானிட்டரைக்கூடத் திருப்பிப் பார்க்க மாட்டார். எல்லாரையும் கவனிக்கிற அவளை யாரும் கவனிப்பதில்லை, அது வேறு கதை.

ஐந்து டேக்கிலும் எடுத்த போட்டோக்களை அவள் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். விரல்கள் சும்மா அசையவில்லை. ஐந்திலும் மகளாக நடிக்கிற பெண்ணின் விரல்களைப் பற்றியிருந்தன.

"ஐயா, விரல்ல ஏதாவது வலியா?"

"அதெல்லாம் இல்லம்மா. அந்தப் பொண்ணு 'அப்பா'ன்னு கையைப் புடிக்குதா... விடறப்போ விரல் தானா மூடிக்குது. சும்மா கிடன்னா கேக்க மாட்டேங்குது."

"வீட்டுல யாரு இருக்காங்க?"

"வீடு இருக்கு."

அவள் கறையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கடைசியா என் கையை யார் புடிச்சாங்கன்னு இப்பத்தான் யோசிச்சேன்" என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி. "ரத்தம் எடுக்க வந்த நர்ஸ். அதுவும் போன வருஷம்."

"அப்ப ஷேவ் பண்ணிக்கிட்டது?"

பெரியவர் வெட்கப்பட்டார். "மக வருவான்னு சொன்னாங்களே. அதான்."

ஆறாவது டேக். மகள் ஓடிவந்தாள், கையைப் பிடித்தாள், அழுதாள், விட்டாள். பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஒரு விரல்கூட அசையவில்லை.

"ஓகே! இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே பெரியவரே!"

மகள் போனை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் போய்விட்டாள். சாக்பீஸ் கோட்டுக்குள் அந்தக் கை மட்டும் விரித்தபடியே கிடந்தது.

"சார்..." என்றாள் கன்டினியூட்டி பெண். "ஒரு தப்பு நடந்துபோச்சு. அழறப்போ அந்தப் பொண்ணோட முடி காதுக்கு முன்னால வந்து விழுந்துடுச்சு. போன சீன்ல காதுக்குப் பின்னால இருந்தது. நான் கவனிக்காம விட்டுட்டேன்."

"நீயாம்மா? பன்னிரண்டு வருஷம் கழிச்சு இன்னைக்கா? கண்ணைப் பொடனியிலயா வெச்சிருந்தே?"

எல்லார் முன்னாலும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். நிபுணர்கூட உச்சுக்கொட்டினார்.

"மன்னிச்சிடுங்க சார். அந்தப் பொண்ணு முகத்துக்கு மட்டும் ஒரு குளோசப் எடுத்துட்டா சரியாயிடும். ஆனா அதே மாதிரி கையைப் புடிச்சுக்கிட்டு அழணும். அப்பத்தான் முகத்துல அந்த அழுகை வரும்."

கேமராவைக் கிட்டே நகர்த்தினார்கள். கன்டினியூட்டி பெண் கடைசியாக எடுத்த போட்டோவில் மகளின் முடி அழகாகக் காதுக்குப் பின்னால்தான் இருந்தது. அதை அழித்தாள். பிறகு கறையைச் சரிசெய்கிற மாதிரி பெரியவரிடம் குனிந்தாள்.

"ஐயா, இந்த ஷாட்ல உங்க கை பிரேமுக்குள்ள வராது. நல்லா புடிச்சுக்கோங்க."