பேலாவின் அம்மாவுக்குப் பிச்சிச் சரம்

கோட்டாறு சந்தையில் வெயில் சாய்கிறது. வண்டிக்காரர் தாணுமாலயனின் வில்வண்டி நிழலில், பட்டாம்பூச்சி பிடிக்க வந்த ஹங்கேரிக்காரர் பேலா நுங்கு தின்கிறார். இருபது நாளாகப் பேச்சிப்பாறைக் காட்டில் இருவரும் அவரவர் பாஷையில்தான் பேசிக்கொண்டார்கள். அதனால் சண்டையே வரவில்லை. இப்போது பம்பாயிலிருந்து இங்கிலீஷில் தந்தி வந்திருக்கிறது. பேலாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பி.ஏ. படிக்கிற நான் படித்துத் தொலைத்தேன்: பேலாவின் அம்மா இறந்துவிட்டார். “நீதாம்லே சொல்லணும் மக்கா, காலேஜில படிக்கேல்லா?” என்கிறார் தாணு அண்ணன். “ஹங்கேரி பாஷை எங்க பாடத்துல இல்லியே, அண்ணே.” “பின்ன என்ன எழவுக்குலே படிக்க?”

தாணு அண்ணன் பிச்சிச் சரம் வாங்கி வருகிறார். பேலா தினமும் எடுத்துக் காட்டுகிற அம்மா படத்தை அவர் பெட்டியிலிருந்து எடுத்து, சரத்தைச் சுற்றி, கும்பிடுகிறார். செத்தவர் படத்துக்குத்தான் மாலை போடுவார்கள் என்பது சந்தையில் எல்லாருக்கும் தெரியும். பேலாவின் முகம் மலர்கிறது. தன் அம்மாவுக்கு இவ்வளவு மரியாதையா! தாணு அண்ணனைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிடுகிறார். உதட்டில் உப்புக் கரிக்கிறது போலும். சற்று விலகிப் பார்க்கிறார். பிறகு தன் கைக்குட்டையால் தாணு அண்ணனின் கண்களைத் துடைத்துவிட்டு, முதுகைத் தடவி, மிச்சமிருக்கும் நுங்கை அவர் வாயருகே நீட்டுகிறார்.