மாத்திரையே போதும்

"மனசு விட்டுப் பேசு மாதேவி. நான் கூடவே இருக்கேன்ல?" சந்துரு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

அவளுக்காக ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு மண்டி மொஹல்லாவில் இருந்த அந்த மனநல கிளினிக்குக்கு அழைத்து வந்திருந்தான். கொடுத்து வைத்தவள் என்று வெளியே காத்திருந்த பெண்களுக்கே பொறாமை.

டாக்டர் நிர்மலாவுக்குத் தமிழ் தெரியாது. மேட்டூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்த மாதேவிக்குக் கன்னடம் வராது. இரண்டும் தெரிந்த புருஷன் பக்கத்திலேயே இருந்ததில் டாக்டருக்கு நிம்மதி.

"பகல் பூராவும் கதவு பூட்டியே கெடக்குதுங்க. அம்மாகிட்டப் போன்ல பேசியே ரொம்ப நாளாச்சு. சன்னல்ல நின்னு ரோட்டையே பாத்துட்டிருப்பேன். எதுக்கு உசுரோட இருக்கோம்னு தோணுதுங்க" என்றாள் மாதேவி.

"தூக்கமில்ல, பசியில்லங்கறா டாக்டர்" என்று சந்துரு கன்னடத்தில் சொன்னான்.

டாக்டர் தலையாட்டினார். "ஆரம்ப நிலைதான். மாத்திரை தரலாம். ஆனா வாரா வாரம் வந்து மனசுல இருக்கறதைப் பேசினாலே சரியாகலாம். நீங்களே கூட வந்து அவங்க பேசறதைக் கன்னடத்துல எடுத்துச் சொல்லுங்க. எது வேணும்னு அவங்களே முடிவு பண்ணட்டும்."

சந்துரு முகம் மலர்ந்து அதை அப்படியே தமிழில் சொல்லிவிட்டு, தன் பங்குக்கும் சேர்த்துக்கொண்டான். "மாத்திரை தின்னா நாளெல்லாம் தூங்கி வழிவே. பேச்சே போதும், என்ன?"

"மாத்திரையே குடுக்கச் சொல்லுங்க."

"உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்!"

"மாத்திரை போதும்."

அவன் குரல் உடைந்தது. டாக்டர் அவனைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்.

கீழே மருந்துக் கடையில் இருந்த ஸ்வாதி, தமிழ் பேசும் மார்டள்ளி ஊர்ப் பெண். "பேசியே சரி பண்ணலாம்னு டாக்டர் சொல்லியும் கேக்க மாட்டேங்கறாம்மா. நீயாவது சொல்லு" என்று அவளிடம் புலம்பிவிட்டு, சந்துரு ஆட்டோ பிடிக்கப் போனான்.

ஸ்வாதி மாத்திரை அட்டையைக் கவரில் போட்டாள். "ஏனுங்கக்கா, பேசறதுக்கென்ன? உங்களுக்குக் கன்னடம் வரலேன்னாலும், எடுத்துச் சொல்லத்தான் அவரு இருக்காருல்ல?"

மாதேவி ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"பேச வேண்டியதே அவரப் பத்தித்தான், அம்மிணி."